மூன்று ஓட்டை சார்ஜர்

எங்கள் பயணப் பையில் ஒரு காலத்தில் நான்கு சார்ஜர்கள் இருந்தன. லேப்டாப்புக்கு ஒரு கறுப்புச் செங்கல், அதற்கு முன்னும் பின்னும் தடித்த வயர். என் போனுக்கு ஒன்று, மனைவியின் போனுக்கு ஒன்று, பையனின் டேப்லெட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் இவற்றில் ஏதாவது ஒன்று அங்கேயே தங்கிவிடும். சென்னைக்கு வந்து பையைப் பிரிக்கும்போதுதான் தெரியும். கோவில்பட்டியில் மாமனார் வீட்டு டிவி ஸ்டாண்டின் இழுப்பறையைத் திறந்தால் நாங்கள் விட்டுவந்த சார்ஜர்களே ஐந்தாறு கிடக்கும். மாமா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. ஒவ்வொன்றையும் வயரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்.

போன வருடம் மே மாதப் பயணத்துக்கு முன்னால் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி ஒரே சார்ஜர். இந்தக் காலத்தில் அது பேராசையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றிலும் யுஎஸ்பி-சி என்ற ஒரே வகைச் சார்ஜிங் ஓட்டை இருந்தாக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 கெடு. ஐபோன்கூட 2023-லேயே வழிக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் வாய் ஒரே மாதிரி ஆகிவிட்டால் சாப்பாடும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் நான் பார்த்தது இரண்டே விஷயம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்த 65 வாட், அப்புறம் சார்ஜரின் அளவு. “இது கேன் சார்ஜர் சார்” என்றார் கடைப் பையன். பல வருடமாகத் தண்ணீர் கேன் தூக்குகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? கேலியம் நைட்ரைடு என்பதைத்தான் அப்படிச் சுருக்குகிறார்களாம். இரண்டு தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வருகிற அளவு, கொஞ்சம் நீளம் கூட. முகத்தில் மூன்று ஓட்டை: இரண்டு யுஎஸ்பி-சி, ஒன்று பழைய அகலமான யுஎஸ்பி-ஏ. வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய செங்கல் வயரோடு 390 கிராம், இது 120. நான்கையும் வெளியே எடுத்துவிட்டு இதை மட்டும் பையின் சின்ன ஜிப்பில் போட்டபோது எனக்கு வந்த திருப்தியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கோவில்பட்டியில் இரண்டு நாள்

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. ஹாலில் சுவிட்ச் போர்டு பக்கத்தில் சார்ஜரைச் சொருகி, கைக்கு வந்த ஓட்டையில் லேப்டாப் வயரை மாட்டி உட்கார்ந்து வேலை பார்த்தேன். இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு மீட்டிங். பாதியில் பார்த்தால் பேட்டரி 40-லிருந்து 31-க்கு இறங்கியிருக்கிறது. பிளக் படம் மட்டும் அழகாகத் தெரிகிறது. மெதுவான சார்ஜர் என்று மூலையில் ஒரு அறிவிப்பு வந்தது. வழக்கம்போல அதைப் படிக்காமலே மூடினேன். வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன், ஏறவில்லை. சரி, லேப்டாப் போயிற்று என்று முடிவுகட்டி, சத்தமில்லாமல் மீட்டிங்கை முடித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 70 சதவீதம். தானாகவே ஏறியிருக்கிறது!

மாலை மறுபடி அதே கதை. மாமா ஈஸிசேரிலிருந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். மில்லில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் ஒரு ஃபேன் முனகினால்கூட அவர் காதுக்குத்தான் முதலில் கேட்கும்.

“வோல்ட்டேஜ் டிராப்பா இருக்கும் மாப்ளே. பிரிட்ஜ் ஸ்டெபிலைசர்ல மாட்டிப் பாருங்க.”

மாட்டினேன். ஏறியது. மாமா ஒன்றும் சொல்லாமல் பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அந்த மௌனத்தில் எவ்வளவு பெருமை இருந்தது என்று அவருடைய மாப்பிள்ளைகளுக்குத்தான் தெரியும். எனக்கு ஒரே உறுத்தல். இந்த மாதிரி சார்ஜர்களின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருப்பார்கள். ரயில் பெட்டியில் பெர்த் பக்கத்தில் இருக்கும் 110 வோல்ட் பிளக்கிலேயே வேலை செய்கிற சாமான், 190 வோல்ட் வந்தால் கோபித்துக்கொள்ளுமா? ஆனால் கண்ணெதிரே ஏறுகிறது. மாமாவிடம் இதைச் சொல்லித் தர்க்கம் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் பையன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தான். சார்ஜர் எங்கே இருக்கிறதோ அங்கேதானே அவனும் வருவான். ஏ ஓட்டையில் அவன் வயரைச் சொருகியதும் என் லேப்டாப் திரை ஒருகணம் மங்கி மறுபடி பிரகாசமானது. பேட்டரி ஏறுவது நின்றுவிட்டது. மாமா எழுந்து வந்துவிட்டார்.

“இந்தக் கம்ப்யூட்டர் எத்தன வாட் இழுக்கும் மாப்ளே?”

“அறுபத்தஞ்சு மாமா.”

“அது இந்தக் குட்டி டப்பாவோட கணக்கு. நான் கம்ப்யூட்டரக் கேட்டேன்.”

பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டரில் சோறு சாப்பிடுகிறேன். மடியில் வைத்திருக்கும் பொருள் எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: “சரி, இதோட நேம் பிளேட்ல என்ன போட்டிருக்கு?” மில்லில் ஒவ்வொரு மோட்டார் மேலேயும் ஒரு தகடு அறைந்திருக்கும், அதைப் படிக்காமல் ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். இந்தச் சார்ஜரிலும் அது இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறத்தில், எள்ளைவிடச் சின்ன எழுத்து. மாமா பக்கவாட்டில் டார்ச் அடிக்க, நான் போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். சி1 தனியாக 65 வாட். சி2 தனியாக 65 வாட். சி1, சி2 இரண்டும் சேர்ந்தால் 45, 20. கடைசி வரிக்கு முந்தைய வரி: சி2-வும் ஏ-வும் சேர்ந்தால் 5 வோல்ட், 3 ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்தே அவ்வளவுதான். பெருக்கினால் 15 வாட்.

என் லேப்டாப் இருந்தது சி2-வில். மேல் ஓட்டைக்கும் நடு ஓட்டைக்கும் பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஏ-வில் யாராவது எதையாவது சொருகினால் நடு ஓட்டை உடனே 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. சாப்பிடப் போன நேரத்தில் பையன் டேப்லெட்டைக் கழற்றியிருக்கிறான், அதனால் ஏறியிருக்கிறது. ஸ்டெபிலைசரில் மாட்டியபோது மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் தூக்கிப் போனேன், அதனால் ஏறியிருக்கிறது. “அப்ப ஸ்டெபிலைசர் காரணமில்ல” என்றார் மாமா. குரலில் லேசான ஏமாற்றம்.

பந்தியில் புது ஆள் உட்கார்ந்தால்

உள்ளே நடப்பதை நான் புரிந்துகொண்ட விதம் இது. டிபன் கடையில் உட்கார்ந்ததும் சர்வர் வந்து இட்லி, வடை, பொங்கல், பூரி என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார் இல்லையா, யுஎஸ்பி-சி சார்ஜரும் அதைத்தான் செய்கிறது. வயரை மாட்டியதும் முதலில் வருவது 5 வோல்ட் மட்டும். அப்புறம், “என்னிடம் 5 இருக்கிறது, 9 இருக்கிறது, 15 இருக்கிறது, 20 இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர் வரை” என்று பட்டியலை வாசிக்கும். லேப்டாப் தனக்கு வேண்டியதைக் கேட்கும். இந்தப் பேச்சுவார்த்தைக்குப் பெயர் பவர் டெலிவரி, சுருக்கமாகப் பிடி. பொதுவாக லேப்டாப் கேட்பது 20 வோல்ட். அது பட்டியலிலேயே இல்லையென்றால் சில லேப்டாப்புகள் சாப்பிடாமல் எழுந்துவிடும், சில அரை மனதாகக் கொறிக்கும்.

மூன்று ஓட்டை சார்ஜரில் இரண்டாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், சமையலறையில் இருப்பதை மறுபடி பங்கு போட வேண்டும். அதற்காக உட்கார்ந்திருப்பவரின் இலையை ஒருகணம் எடுத்துவிட்டுப் புதுப் பட்டியலோடு வருகிறது. என் திரை மங்கியது அந்தக் கணம்தான். லேப்டாப்புக்குள் பேட்டரி இருப்பதால் அது தாங்கிக்கொள்கிறது. பேட்டரி இல்லாத ஏதாவது ஒரு சாமானை, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றை, பக்கத்து ஓட்டையில் மாட்டியிருந்தால் அது அணைந்து மறுபடி கிளம்பும். எல்லா சார்ஜரும் ஒரே மாதிரி பங்கு போடுவதில்லை என்பது இன்னொரு சிக்கல். பெட்டியின் முன்பக்கத்தில் ஒரே 65 வாட் போட்ட இரண்டு சார்ஜர்கள், மூன்று வயரும் மாட்டிய பிறகு நடந்துகொள்ளும் விதத்தில் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது.

போன்களுக்கும் இதே பிரச்சினை வேறு உருவத்தில் உண்டு. சாம்சங் போனில் அந்த ‘சூப்பர் ஃபாஸ்ட்’ வர வேண்டுமானால் சார்ஜரில் பிபிஎஸ் என்ற வசதி வேண்டும், அதாவது வோல்ட்டேஜை 20 மில்லிவோல்ட் படிகளில் ஏற்றி இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பிளஸ், ஓப்போ மாதிரி போன்களின் அதிவேகச் சார்ஜிங் அவர்களுடைய சொந்த மொழியில் நடப்பது. பிடி சார்ஜரில் மாட்டினால் ஏறும், ஆனால் அந்த வேகம் வராது. வாய் ஒன்றானால் சாப்பாடும் ஒன்று என்ற என் கணக்கு இங்கேயே உடைந்துவிட்டது.

எவ்வளவு இழுக்கிறது

சென்னை வந்ததும் முதல் வேலையாக ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு யுஎஸ்பி மீட்டர் வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான். வயருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மாட்டினால் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் காட்டும். ஒரு வாரம் வேலை பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம்.

பேட்டரி நிறைந்திருக்கும்போது, ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் 11 முதல் 14 வாட். பிரவுசரில் முப்பது பக்கம் திறந்து வைத்தால் 17, 18. வீடியோ மீட்டிங் என்றால் 24 முதல் 28. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி ஃபேன் கத்தும் அளவுக்கு வேலை கொடுத்தபோதுதான் 40-ஐத் தொட்டது. பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது மாட்டினால் 60-க்கு மேல் இழுக்கிறது, அதுவும் கொஞ்ச நேரம்தான். 80 சதவீதம் தாண்டியதும் மளமளவென்று இறங்கிவிடுகிறது. ஆக, லேப்டாப்போடு வந்த செங்கலில் போட்டிருந்த 65 என்பது, பசியோடு வந்து உட்கார்ந்த முதல் முக்கால் மணி நேரத்துக்கான கணக்கு. மற்ற நேரம் பெரும்பாலும் அதில் பாதிகூட வேண்டியதில்லை.

அடுத்து, மனைவியின் அலுவலக லேப்டாப்போடு வந்த 45 வாட் சார்ஜரை இதில் மாட்டிப் பார்த்தேன். 43 இழுத்தது. என் பேட்டரி 54 வாட்-மணி. வேலைக்கு 14 போனாலும் 29 பேட்டரிக்குள் போகிறது, காலியிலிருந்து நிறைவதற்கு, கடைசியில் வேகம் இறங்குவதையும் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் ஊரில் லேப்டாப்பைச் சார்ஜில் போடுவது பெரும்பாலும் ராத்திரி படுக்கப் போகும்போது. மூன்று மணிக்கே நிறைந்துவிட்டது என்பதால் ஆறு மணிக்கு எழுந்திருக்கிறவனுக்கு என்ன லாபம்? வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள், கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். உங்கள் கணக்கு வேறு. பிடி 3.1 என்று 2021-ல் வந்த விதிப்படி 48 வோல்ட், 240 வாட் வரை போகலாம், அது உங்களுக்காகத்தான்.

மீட்டர் காட்டிக்கொடுத்த இன்னொரு ஆள் வயர். போனோடு வந்த சி வயரில் மாட்டினால் லேப்டாப் எவ்வளவு பசியோடு இருந்தாலும் 60-ஐத் தாண்டவில்லை. சாதாரண வயருக்கு 3 ஆம்பியர்தான் அனுமதி, 20 வோல்ட்டில் அது 60 வாட். 5 ஆம்பியர் வயர் என்றால் அதன் தலைக்குள் ‘நான் தாங்குவேன்’ என்று சொல்ல ஒரு சின்னச் சிப் இருக்கும். அந்தச் சிப் பதில் சொல்லாவிட்டால் சார்ஜர் 3-க்கு மேல் கொடுக்காது. 100 வாட் சார்ஜர் வாங்கி, டிராயரில் கிடக்கும் ஏதோ ஒரு வயரில் மாட்டி, ஆயுள் முழுக்க 60 வாட் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேரோ.

சின்னதாக இருப்பதன் தொல்லை

கேலியம் நைட்ரைடு புதிய பொருள் ஒன்றும் இல்லை. நம் வீட்டு எல்இடி பல்பின் வெளிச்சம் அதிலிருந்துதான் பிறக்கிறது; நீல எல்இடிக்காக 2014-ல் ஜப்பானில் பிறந்த விஞ்ஞானிகள் மூவருக்கு நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த பொருள். சார்ஜருக்குள் அது செய்வது சுவிட்ச் வேலை. தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்க, பெரிய குடத்தில் நிதானமாகப் பத்து நடை நடக்கலாம், இல்லை சொம்பில் ஓட்டமாக நூறு நடை ஓடலாம். சிலிக்கான் சுவிட்சை ரொம்ப வேகமாக ஓடவிட்டால் வெப்பமாகவே நிறைய வீணாகும்; இது அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடியும் களைக்காது. அதனால் குடம், அதாவது உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர், சொம்பாகிவிடுகிறது. டப்பாவும் சுருங்குகிறது.

சுருங்கினாலும் சூடு எங்கே போகும்? 65 வாட் கொடுக்கும்போது ஐந்தாறு வாட் வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும், வெளியேற இடமோ தீப்பெட்டி அளவு. கோவில்பட்டி மே மாதத்தில் அந்தச் சார்ஜரைக் கழற்ற நான் துண்டைத் தேடியிருக்கிறேன். மற்றொன்று, சுர்ர்ர். பழைய செங்கலுக்கு மூன்று பின், எர்த் உண்டு. புதியதற்கு இரண்டே பின். உலோக உடம்புள்ள லேப்டாப்பின் ஓரத்தில் மணிக்கட்டு உரசினால் எறும்பு ஊர்வது போல ஒரு அதிர்வு. உள்ளே மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாக வரும் துளிக் கசிவு அது. நல்ல சார்ஜரில் ஆபத்தில்லாத அளவுதான். மொசைக் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும்போது நன்றாகவே தெரியும். மாமாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எர்த் குழியை அன்றைக்கே தோண்டியிருப்பார்.

பின்னைப் பற்றி யாருமே எழுதுவதில்லை, எனக்கோ அதுதான் முக்கியமாகப்படுகிறது. நம் ஊர் 6 ஆம்பியர் பிளக்கின் பின் 5 மில்லிமீட்டர் தடிமன். ஐரோப்பிய வடிவத்தில் வரும் சார்ஜர்களின் பின் 4 மில்லிமீட்டர். சொருகினால் நிற்கும், ஆனால் பழைய போர்டில் ஆடும். சார்ஜர் வேறு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் மூன்று வயர் கனக்கும். ராத்திரி ரயிலில் மேல் பெர்த்துக்காரர் ஏறி இறங்கும் அதிர்விலேயே அது தலை தொங்கிவிடும்; பதினொரு மணிக்கு மேல் சில ரயில்களில் பிளக்குக்கு மின்சாரமே விடுவதில்லை என்பதால், ஏறவேண்டியது அதற்கு முன்பே ஏறியாக வேண்டும். ஒருமுறை சிங்கப்பூர் போனபோது வேறு அவஸ்தை. அங்கே சுவரில் இருப்பது மூன்று செவ்வகத் துளை. மேலே இருக்கும் எர்த் துளையில் ஏதாவது நுழைந்தால்தான் கீழே இரண்டின் கதவும் திறக்கும். நம் ஆட்கள் அதில் பேனாவைச் செருகித் திறப்பதில் மன்னர்கள். நான் அடாப்டர் வாங்கிக்கொண்டேன், பேனா விலையைவிட அதிகம்தான்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப் வகையறா அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு உண்டு. முதுகில் ஆர் என்று தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தச் சாமான் என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

கடைசியில் வாங்கியது

இவ்வளவுக்கும் பிறகு நான் வாங்கியது ஒரே ஒரு ஓட்டை உள்ள 45 வாட் சார்ஜர். தடித்த பின், குட்டை உடம்பு, சுவரோடு ஒட்டி உட்காரும். போன்களுக்கு இரண்டு ஓட்டை உள்ள இன்னொரு சின்ன சார்ஜர். இரண்டும் சேர்ந்து 150 கிராம். ஒரே சார்ஜர் என்ற கனவை விட்டுவிட்டேன். ஒன்று கெட்டுப்போனாலோ மறந்துபோனாலோ இன்னொன்று இருக்கிறது. பையன் டேப்லெட்டை எதில் மாட்டினாலும் என் மீட்டிங்குக்கு ஒன்றும் ஆவதில்லை. நண்பர்கள் சிரிக்கிறார்கள், இந்தக் காலத்தில் 45 வாட்டா என்று. உன் லேப்டாப் எவ்வளவு இழுக்கும் என்று திருப்பிக் கேட்டால், செங்கலில் போட்டிருக்கும் எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

மூன்று ஓட்டை சார்ஜரை மாமாவிடமே விட்டுவந்தேன், இந்தத் தடவை மறந்து அல்ல. பொங்கலுக்குப் போனபோது பார்த்தால் அது பூஜை அலமாரிக்குக் கீழே, புதிதாகப் போட்ட சாக்கெட்டில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஓட்டையில் அத்தையின் போன், இன்னொன்றில் மாமாவின் ரேடியோ, மூன்றாவதில் எமர்ஜென்சி லைட். அடாப்டர் மாதிரி ஏதோ ஒன்றைத் திருகி, அந்த மெல்லிய பின்னையும் இறுக்கிவிட்டிருந்தார்.

“எல்லாம் அஞ்சு வோல்ட் சாமான் மாப்ளே” என்றார். “மொத்தமே பன்னெண்டு வாட்தான். கூட்டிப் பாத்துட்டுத்தான் மாட்டுனேன்.” ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் 1, 2, 3 என்று எழுதி, அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது.